பதினான்கு வீட்டு மீன்

எங்கள் ஆய்வு நிலையத்தின் பத்தாண்டு நிறைவு மலர், ஒரு வருடம் தாமதமாக, போன மாதம் அச்சாகி வந்தது. வழவழப்பான தாள். முதல் பக்கத்தில் இயக்குநர் டாக்டர் வீரபத்திரனின் படம். லீமாரோஸின் பெயர் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. 'ஆய்வுக்கு உதவியோர்' என்ற பட்டியலில், ஜீப் ஓட்டுநருக்குப் பின்னால், தோட்டக்காரர் சின்னச்சாமிக்கு முன்னால். ஓட்டுநரையோ சின்னச்சாமியையோ இளக்காரமாகச் சொல்லவில்லை. அவர்களும் உழைத்தவர்கள்தான். ஆனால் அந்த மலரில் இருபத்தாறு பக்கம் உமரிச் செடியைப் பற்றியது. அதில் லீமாரோஸின் கை படாத வரி ஒன்றுகூட இல்லை.

என் பெயர் முப்பத்திரண்டாம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. 'உணவுக் கணக்கெடுப்பைத் திறம்பட நடத்திய இளம் உதவியாளர் மலையாண்டி.' திறம்பட. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லீமாரோஸ் பிறந்தது சூசையப்பர் குடியிருப்பில். மாரியூருக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி, கடலோரம் நாற்பது ஓலை வீடுகளும் ஒரு சின்னக் கோவிலும் ஒரு பள்ளிக்கூடமும். அப்பா சவேரியார் வள்ளத்தில் மீன் பிடிப்பவர். அம்மா ஜெபமாலை அந்த மீனைக் கூடையில் சுமந்து விற்பவர். கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்ந்த லீமாரோஸ் படித்துக்கொண்டே போனார். நிறுத்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை என்று அவரே சொல்வார். நாடு விடுதலை பெற்ற வருடம் தாவரவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். சவேரியார் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல மீன் பேரு ஏதும் இருக்கா?" என்றாராம்.

"இல்ல அய்யா. செடி பேருதான்."

"நம்ம கரையில உமரியத் தவிர என்னத்தா மொளைக்குது?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். லீமாரோஸ் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். 1951இல் எங்கள் நிலையம் திறந்தபோது உதவியாளராகச் சேர்ந்தார். பதினோரு வருடம் முன்பு அது. உதவியாளர் என்பதற்கு மேல் அவரை அங்கே யாரும் உயர்த்தவில்லை.

உமரி உப்பு மண்ணில் முளைப்பது. தடித்த சின்ன இலை, வெயில் ஏற ஏறச் சிவக்கும். காற்று எதிர்த்து வள்ளம் இறங்க முடியாத மாதங்களில் கடற்கரைப் பெண்கள் அதைக் கிள்ளிவந்து, வேகவைத்து நீரை வடித்து, மறுபடி வேகவைத்து வடித்து, கடைசியில் கொஞ்சம் புளி விட்டுக் கரைத்துத் தின்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டுதான். 'உமரி தின்னி' என்பது அங்கே வசவு. பெண் பார்க்க வருகிறவன் காதில் விழுந்தால் திரும்பிப் போய்விடுவான். சின்னப் பிள்ளைகளுக்கு அதைத் தரமாட்டார்கள். உப்பு வயிற்றைக் கலக்கிவிடும்.

லீமாரோஸ் ஏழு வருடம் மாதந்தோறும் அந்த இலையைக் கிள்ளி, எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலில் உப்பு எவ்வளவு என்று அளந்தார். அந்தச் செடி உப்பை எப்படித் தாங்குகிறது, எந்த இலையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பழுத்த இலைக்கு உப்பை அனுப்பிவிட்டுக் கொழுந்தைச் செடி காப்பாற்றுகிறது என்று கண்டார். ஐப்பசி மழை விழுந்த மூன்று வாரத்துக்குள் கிள்ளிய கொழுந்தில் உப்பு மூன்றில் ஒரு பங்குதான். ஒரு கொதி போதும், பிள்ளையும் தின்னலாம். அதே கொழுந்தில் கண்ணுக்கு வேண்டிய சத்து முருங்கைக்கீரைக்குச் சற்றுத்தான் குறைவு. மூன்றாம் வருடமே, 1954இல், இது கட்டுரையாக வந்தது. எழுதியவர் டாக்டர் வீரபத்திரன். கடைசி வரியில் லீமாரோஸுக்கு நன்றி.

அதற்குக் கோபம் வரவில்லையா என்று பின்னால் அவரிடமே கேட்டேன். "கட்டுரைய அவரே வச்சுக்கிடட்டும். எனக்குப் பள்ளிக்கூடம் வேணும்" என்றார்.

பள்ளிக்கூடம் என்றது அவர் ஊர்ப் பள்ளியை. நாற்பத்து மூன்று பிள்ளைகள். பொழுது சாய்ந்ததும் அவர்களைக் கரைக்கு அழைத்துப் போய், மணலில் பத்து வெள்ளைச் சிப்பிகளைப் போட்டுப் பொறுக்கச் சொல்வார். சில பிள்ளைகள் கோழி கொத்துவதுபோலப் பொறுக்கிவிடும். சில பிள்ளைகள் மண்டியிட்டுத் தடவும். தடவிய பிள்ளைகள், மாலைக்கண் வந்தவர்கள், பத்தொன்பது. அதில் ஒருத்தி அவருடைய அண்ணன் மகள் மரியபாக்கியம், ஆறு வயது. அவள் கண்ணின் வெள்ளையில் நுரைபோல ஒரு புள்ளி வந்திருந்தது. அந்தப் புள்ளிக்கு அடுத்தது கண் போவதுதான் என்று லீமாரோஸுக்குத் தெரியும்.

"சுறா ஈரலை வியாபாரி கரையிலேயே நின்னு வாங்கிட்டுப் போறான். பட்டணத்துப் பிள்ளைக்கு எண்ணெயாக்கிப் புட்டியில ஊத்திக் குடுக்க. பிடிச்சவன் பிள்ளை மணலத் தடவுது" என்று ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் சொன்னார்.  

1958இல் அதற்கு ஒரு வழி வந்தது. ஊட்டம் குறைந்த ஊர்களின் பள்ளிகளுக்கு மதிய உணவு தரும் திட்டம். எந்த ஊர் என்பதை ஒரு குழு முடிவு செய்யும், எங்கள் நிலையத்தின் கணக்கெடுப்பை வைத்து. சூசையப்பர் குடியிருப்பு பட்டியலில் இருந்தது. உணவு வந்தால் அதோடு உமரிக் கொழுந்தும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்து, ஆறு மாதத்தில் சிப்பியைப் பொறுக்க வைப்பதாக லீமாரோஸ் எழுதிக் கொடுத்திருந்தார்.

கணக்கெடுக்க அவரை அனுப்பவில்லை. "சொந்த ஊர். பாரபட்சம் வரும்" என்றார் இயக்குநர். என்னை அனுப்பினார். நான் சேர்ந்து மூன்று மாதம். கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரன், என் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள். நிரந்தரமாக்க இன்னும் ஒன்பது மாதம் பாக்கி.

முறை எளிது. காலையில் வீட்டுக்குப் போய், அன்று சமைக்க வைத்திருப்பதை உலையில் போடும் முன் எடை போட்டு, சாப்பிடும் ஆட்கள் எத்தனை என்று எழுத வேண்டும். ஒரே நாளில் பதினான்கு வீடு. புரட்டாசி மாதம், காற்றுக் காலம். வள்ளமெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. முந்தின ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உபதேசியார் அறிவித்திருந்தார், நாம் தின்பதை எடை போட அரசாங்கம் வருகிறது என்று.

முதல் வீட்டில் இரண்டு படி அரிசியும் ஒரு பாறை மீனும் இருந்தன. மீன் ஒரு ராத்தல் ஒன்பது அவுன்ஸ். வாலில் ஒரு பக்கத்தைப் பூனை கடித்திருந்தது. இரண்டாம் வீட்டில் இரண்டு படி அரிசி, ஒரு பாறை. எழுதினேன். மூன்றாம் வீட்டில் தராசில் கிடந்த மீனின் வாலைப் பார்த்தேன். பிறகு வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன்.

"அக்கா, இந்த மீன நான் முன்னாடியே பாத்த மாதிரி இருக்கே."

"கடல்ல மீனெல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் சார் இருக்கும்."

"வாலைப் பூனை கடிச்சிருக்கு. அந்த வீட்டு மீனுக்கும் அங்கனதான் கடி."

"எங்க ஊருப் பூனைக்கு வாலுதான் ருசி. நீங்க எழுதுங்க சார், உலை கொதிக்குது."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உலை கொதித்தது உண்மை. மூடியின் இடுக்கில் புளிவாடையும் உப்புப் பச்சை வாடையும் வந்தது. அந்தப் பானையில் என்ன வேகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் கொல்லை வழியே ஒரு முக்காட்டுக்குள் அரிசியும் மீனும் முன்னால் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் ஓடிய ஓட்டத்துக்கு நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். மெதுவாக நடந்தேன்.

ஏனென்றால் என் அம்மா ராக்கும் இதைச் செய்தவள். பஞ்ச வருடத்தில் காட்டுப்புல் விதையை, புல்லரிசியை, கூட்டி அள்ளிவந்து கஞ்சி காய்ச்சினோம். வாத்தியார் வீட்டுக்கு வந்த அன்று அதை ஒளித்துவைத்துவிட்டு, அடுப்பில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, "சோறு வேகுது, இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றாள். அவர் இருந்துவிடுவாரோ என்று நான் பட்ட பயம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. பட்டணத்துப் பிள்ளை ஒருவன் கணக்கெடுக்கப் போயிருந்தால் பூனைக் கடியைப் பார்த்ததும் படிவத்தின் ஓரத்தில் எழுதியிருப்பான், 'ஒரே மீன்' என்று. அந்த ஊர் ஒருநாள் அவமானப்பட்டிருக்கும். பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்திருக்கும். நான் அவர்கள் மானத்தைக் காப்பாற்றினேன். பதினான்கு படிவம், பதினான்கு மீன், ஒவ்வொன்றும் ஒரு ராத்தல் ஒன்பது அவுன்ஸ். எழுதிவிட்டு, பெரிய மனசு எனக்கு என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

இயக்குநருக்கு மகிழ்ச்சி. "நான் சொன்னேன் பார். கடற்கரையில ஊட்டக்குறைவே கிடையாது. கண்ணு மங்குறது பரம்பரைக் கோளாறு" என்றார். அட்டவணை தட்டச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க லீமாரோஸின் மேசைக்கு வந்தது.

அவர் என்னைக் கூப்பிடவில்லை. என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஒரே செடியில பக்கத்துப் பக்கத்து இலை ரெண்டை எடை போட்டா ஒண்ணா வராது. பதினாலு வீட்டு மீனு எப்பிடிறா ஒண்ணா வந்துச்சு?"

"தராசு கொஞ்சம்..."

"தராசைச் சொல்லாத. அது நான் சரிபாத்த தராசு."

சொன்னேன். பூனை கடித்த வால் என்றதும் அவர் முகம் மாறியது.

"இடப்பக்கமா?"

"ஆமாக்கா."

"அது எங்க அய்யா பிடிச்ச மீனு. காத்துக்கு முந்தி கடைசியாப் போன அன்னைக்குப் பிடிச்சது. ஞாயித்துக்கிழம வீட்டுக்குப் போனப்ப அம்மா உப்புத் தடவி உறியில வச்சிருந்தா. எதுக்குன்னு கேட்டேன். விருந்தாளி வாரான்னா." அட்டவணையை என் மேசையில் வைத்தார். பிறகு, "அவளுக்குத் தெரியாது. அவ படிக்கல. நீ எதுக்குடா எழுதுன?" என்றார்.

"அவுக மானம் போயிரும்னு..."

"ஏலே, மானம் யாருக்கு? பாக்கியத்துக்கு ஆறு வயசு. அவளுக்கு மானம் வேணுமா கண்ணு வேணுமா? நீ கேட்டியா?"

ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, மறு கணக்கெடுப்புக் கேட்கலாம் என்றார். குழு கூட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாளைக்கு என்றேன்.

அந்த வாரமே அவர் ஊருக்குப் போனார். கோவில் முற்றத்தில், பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும் நேரத்துக்கு, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி உமரியை வேகவைத்தாராம். ஊரே பார்க்க ஒரு தட்டில் போட்டு உட்கார்ந்து தின்றார். ஜெபமாலை வந்து பானையை எட்டி உதைத்தார்.

"உமரி தின்னிக் கூட்டம்னு பேப்பருல போடத்தான் உன்னையப் படிக்க வச்சமா? எங்கள அம்மணமா நிறுத்தவா வந்த?"

"தின்னுறது பொய்யாம்மா?"

"தின்னுறோம். அத எவன்கிட்டயும் சொல்ல மாட்டோம். உனக்குச் சம்பளம் வருது, நீ சொல்லுவ."

லீமாரோஸ் சிந்தியதைப் பொறுக்கித் தட்டில் போட்டாராம்.  அந்த அம்மாவை எப்படிக் குற்றம் சொல்வது? அவர்களிடம் இருந்தது அந்த மானம் ஒன்றுதான். ஆனால் யாரையும் குற்றம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பசித்தவனே நான் பசித்திருக்கிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் சோறு என்று சட்டம் போட்டவனை என்ன செய்வது? பொழுது சாய்ந்ததும் அந்தக் கரைக்கு ஒரு தடவை வந்து, மண்டியிட்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருந்தால் தராசே வேண்டாமே.

நாளைக்கு நாளைக்கு என்று பதினோரு நாள் போயிற்று. வியர்வையில் தாள் நைந்துவிட்டது. என் பெயரைச் சொல்லாமல், கணக்கெடுப்பு தவறு என்று லீமாரோஸே குழுவுக்கு எழுதினார். இயக்குநர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். அவர் மேசையில் என் படிவங்கள் இருந்தன.

"இதெல்லாம் நீ எடை போட்டதா?"

"ஆமா சார்."

"எல்லாம் சரியா?"

லீமாரோஸ் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மழை அளவு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நிரந்தரம், அம்மா, தங்கச்சி, ஒன்பது மாதம், எல்லாம் ஒரே நொடியில் வந்தன. நினைவில் வராத ஒருத்தி பாக்கியம்.

"சரிதான் சார்" என்றேன்.

மதிய உணவு வேறு ஊருக்குப் போனது. பொய்ப் புகார் கொடுத்ததாக லீமாரோஸுக்கு வடக்கே எங்கோ இடமாற்றம். அவர் போகவில்லை, வேலையை விட்டார். நிலையத்தில் அவர் வளர்த்த உமரிப் பாத்திகளை உழுது பருத்தி போட்டார்கள். உப்பு மண்ணில் பருத்தி. அது ஒரு முழம்கூட வளரவில்லை. அந்தத் தகவல் மலரில் இல்லை.

பங்குனியில் அந்தக் கரையில் மணல்வாரி அம்மை வந்தது. சத்தில்லாத கண்ணை அம்மைக் காய்ச்சல் நான்கே நாளில் தின்றுவிடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். பாக்கியத்தின் இடது கண்ணுக்கு ஐந்து நாள் ஆனது. வலது கண்ணை இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள்.

லீமாரோஸ் இப்போது ஒரு கன்னியர் பள்ளியில் அறிவியல் நடத்துகிறார். ஆராய்ச்சியை விட்டாரா என்றால் இல்லை. பாக்கியத்தின் கண் போன பிறகு குடியிருப்பில் யாரும் பானையை உதைக்கவில்லை. அந்த வருட மழை விழுந்ததும் ஜெபமாலையே பட்டப்பகலில் கூடையோடு போய்க் கொழுந்து கிள்ளி, மிச்சத்தை நிழலில் உலர்த்தியும் வைத்தாராம். லீமாரோஸ் சனிக்கிழமைதோறும் பேருந்தில் போய், நான்கு ரூல் நோட்டு நிறையக் குறித்துவைத்தார். தின்ன ஒப்புக்கொண்ட முப்பத்தொரு பிள்ளைகள், ஐந்து மாதம். பாக்கியம் போக, மணலைத் தடவிய பதினெட்டுப் பிள்ளைகளில் இன்னும் தடவியது நான்கு பேர்தான். அதை எழுதி இரண்டு சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 'எந்த நிறுவனத்தைச் சார்ந்தவர் என்று குறிப்பிடவில்லை' என்று ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்று வரவேயில்லை.

மலர் வந்த மறுநாள் நான் இயக்குநருக்கு எழுதினேன். நான்கு வருடம் தாமதமாக, அன்று லீமாரோஸ் கேட்ட அதே வாசகம். பதினான்கு மீனும் ஒரே மீன், நான் அறிந்தே எழுதினேன் என்று. பதில் ஒரு வரி: அச்சான அறிக்கைகளில் திருத்தம் செய்வதில்லை. என்னை வேலையை விட்டு நீக்கக்கூட இல்லை. அவ்வளவுக்கும் நான் பெறுமானமில்லை போலிருக்கிறது.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு லீமாரோஸிடம் போனேன். நின்றபடியே படித்தார். இரண்டு இடங்களில் உப்பு அளவைத் திருத்தினார். திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு எதுக்குக் காட்டுற? கோபம் ஆறுமான்னு பாக்க வந்தியா? ஆறாது. பாக்கியத்துக்கிட்ட போயி வாசிச்சுக் காட்டு."

போனேன். பாக்கியத்துக்குப் பத்து வயது. பள்ளி வாசலில் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து வலது கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். என்னை அவளுக்கு ஞாபகம் இருந்தது. தராசுச் சார் என்றாள். மீன் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அதுக்குப் பொறவு என்னாச்சுன்னு எழுதலையே."

"எதுக்குப் பொறவு?"

"நீங்க போன பொறவு. மீனு எங்க வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு. எல்லா வீட்டுலயும் தொட்டுத் தொட்டு, வெயில்ல ஓடி, நாறிப்போச்சு. அப்பத்தா அறுத்தா, உள்ள புழு. மணல்ல புதைச்சுட்டா. எனக்கு வேணும்னு அழுதேன். அடிச்சா."

அவள் சொன்னதில் வருத்தம் இல்லை. விட்டுப்போனதை எடுத்துக்கொடுப்பதுபோலச் சொன்னாள். சிலேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதினான்கு படிவங்களும் நிலையத்தின் பதிவறையில் இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். அந்த மீனைச் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்ற கட்டங்களைக் கூட்டினால் எழுபத்தொன்பது வருகிறது. அழகான என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த மீனை ஒருவரும் தின்னவில்லை.